காட்டுக்குச் சொன்ன சலாம்

முசலிப் பக்கம் போகிற காரில் இருந்து படம் எடுத்துக்கொண்டு வருகிறேன். புதுத் தகரக் கூரைகள் முடிந்து பற்றைக்காடு தொடங்கியதும் எல்லாப் படமும் வெறும் பச்சைத் தீற்றல். எனக்கு எரிச்சல். சாரதி நானா வானொலியை நிறுத்திவிட்டு, காட்டைப் பார்த்து மெதுவாகச் சலாம் சொல்கிறார். சற்றுத் தள்ளி மறுபடியும் சொல்கிறார்.

"ஆருக்கு நானா?"

"வாப்பாக்கு. அவர அடக்கின மையவாடி இந்தக் காட்டுக்குள்ளதான். புத்தளம் அகதி முகாமில இருந்து இருபது வருசம் கழிச்சு ஊருக்குத் திரும்பி வந்தம். வந்து பாத்தா எல்லாம் பற்றை மூடிக் கிடக்கு."

"கொஞ்சம் நிப்பாட்டுங்கோ. வடிவா ஒரு படம் எடுத்துத் தாறன்."

கார் மெதுவாகிறது, நிற்கவில்லை. காடு முடிகிற வரைக்கும் அவர் சலாம் சொல்லிக்கொண்டே வருகிறார். பிறகுதான் என்னிடம் கேட்கிறார்:

"எந்த இடத்தில நிப்பாட்டுறது, தங்கச்சி?"