நான் கழுவிக் கெடுத்த ஃபோம்

ஆந்திராவில், நாகலாபுரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நான் அங்கன்வாடி டீச்சர். அழுக்கைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. பிள்ளைகளின் மூக்கைத் துடைத்த கையோடு ஜன்னலையும் துடைத்துவிட்டுத்தான் உட்காருவேன்.

மழைக்காலத்தில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் டீ நிறத்தில் வரும். டிரம்மில் மணல் நிரப்பி வடிகட்டித்தான் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். அடைத்துக்கொண்டால் அத்தனை ஈர மணலையும் அள்ளி, அலசி, மறுபடி நிரப்ப வேண்டும். நானும் சமையல் அக்காவும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு செய்வோம். போன வருஷம் திருப்பதியிலிருந்து ஒரு காலேஜ் மேடம் வந்தார். மணலுக்குப் பதிலாக ஃபோமை வட்டம் வட்டமாக வெட்டி ஒரு டிரம்மில் அடுக்கிக் கொடுத்தார். மெத்தைக்குள் வைப்பார்களே, அதே மாதிரிதான். ஒரு கையால் தூக்கிவிடலாம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் மூன்று மாதம் கழித்துத் தண்ணீரைப் பரிசோதிப்பார்கள். தேறினால் டிரம் எங்களுக்கு, தேறாவிட்டால் திருப்பதிக்கே போய்விடும்.

அடைத்தால் மேல் துண்டை மட்டும் வெறும் தண்ணீரில் லேசாகப் பிழிந்தால் போதும் என்று மேடம் சொல்லிவிட்டுப் போனார். பாவம், வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பழக்கமில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். நாளாக ஆக, ஃபோமின் மேல் பழுப்பாக, வழவழவென்று ஒரு படலம் சேர்ந்தது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசியது.

பரிசோதனைக்கு முதல் நாள் பொறுக்க முடியவில்லை. அவங்க சொன்ன மாதிரியே இருக்கட்டும் என்று அக்கா எவ்வளவோ சொன்னாள். நான் கேட்டால்தானே?

மறுநாள் மேடம் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"நேத்துதான் மேடம், வெந்நீர்ல சோப்பு போட்டு எல்லாத்தியும் தேச்சி, பத்து தண்ணில அலசி வெச்சேன்."

மேடம் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டார். கோபப்படவில்லை. கிருமியைத் தின்பதே அந்தப் படலம்தான், ஃபோம் அது தங்குகிற இடம் மட்டும், மறுபடி படிய மூன்று வாரமாவது ஆகும் என்று தெலுங்கில் நிதானமாகச் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. படித்தவரை இளக்காரமாக நினைத்தேனே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

"மூணு வாரம் குடுங்க மேடம். கையே வெக்க மாட்டேன்."

பாட்டிலைக் கவிழ்த்துவிட்டு, சரி என்று கிளம்பினார்.

மூன்று வாரமும் பிள்ளைகளுக்குக் காய்ச்சிய தண்ணீர்தான். தினமும் டிரம்மில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவிட்டு எட்டிப் பார்ப்பேன். பழுப்பு தட்டியதும் அவ்வளவு சந்தோஷம். ஒருநாள் ஒரு பிள்ளையின் அம்மா, உதவி செய்வதாக நினைத்து நாரோடு டிரம் பக்கம் போனாள். விழுந்தடித்து ஓடினேன்.

"தொடாத. அது வேல செஞ்சிக்கினு இருக்குது."

இந்த முறை தண்ணீர் தேறியது. டிரம் உங்களுக்கே என்று மேடம் போனில் சொல்லி, நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். கழுவாமல் விட்டதற்காக ஒருவர் என்னைப் பாராட்டியது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.