காளான் அறையும் வெள்ளிக்கிழமையும்

சிங்கப்பூரில் நான் ஏசி மெக்கானிக். ஆபீஸ், ஆஸ்பத்திரி, மால் என்று எதையும் விட்டுவைக்காமல் குளிர வைத்தவன். கண்ணாடிக் கட்டிடத்துக்குள் ஆயிரம் பேர் உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள். ஒருவருக்கும் வேர்க்காது. அப்பேர்ப்பட்டவன் பள்ளத்தூரில் சொந்த வீட்டுப் பின்னறையில் வரிசையாகத் தொங்கிய வைக்கோல் பைகளைக் குளிர வைக்க முடியாமல் முழி பிதுங்கி நின்ற கதையை நானே சொல்லிவிடுவது நல்லது. என் மனைவி வாயால் கேட்டால் மானம் கப்பலேறிவிடும்.

ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்தபோதே இனிமேல் போகக் கூடாது என்று ஒரு நினைப்பு. வெளியே சொல்லவில்லை. சொல்லிவிட்டால் உட்கார்ந்து சோறு தின்ன ஒரு தொழில் வேண்டுமே. அப்போதுதான் காரைக்குடியில் ஒரு மெஸ்காரர் பேச்சுவாக்கில் சொன்னார்: "செவ்வா, வெள்ளி கறி திங்காதவுக பூராம் காளான் பிரியாணி கேக்குறாகண்ணே. தெனமும் குடுக்க ஆளிருந்தா நான் எடுத்துக்கிறேன். ஒருநா இருக்கு, ஒருநா இல்லைங்கிற கதை மட்டும் ஆகாது."

நான் தருகிறேன் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். வாய்க்கொழுப்புக்கு என்ன குறைச்சல்!

எங்கள் பின்னறை நெல் மூட்டை அடுக்கியிருந்த இடம். கனத்த சுவர், மேலே ஓடு. அதைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, வேகவைத்த வைக்கோலில் சிப்பிக்காளான் வித்துப் போட்டுப் பை பையாகக் கட்டித் தொங்கவிட்டேன். காளானுக்குக் குளிர்ச்சி வேண்டும், ஈரம் வேண்டும். அதற்கு மேல் நல்ல காற்றும் வேண்டும். அதுவும் நம்மைப் போல மூச்சு விடுகிற ஜீவன்தான். அடைத்த காற்றில் காம்பு மட்டும் நீண்டு, குடை விரியாமல் சவலைப் பிள்ளையாக நிற்கும். நம்ம ஊர் வெயிலில் இந்த மூன்றையும் ஒரே அறையில் வைத்திருக்க யாராவது நாள் முழுக்கக் காவல் இருக்க வேண்டும். ஆள் வைக்க வழியில்லை. அதனால் ஒரு பெட்டி செய்தேன்.

தீப்பெட்டி அளவுக்கு ஒரு சர்க்யூட் போர்டு ஆன்லைனில் வாங்கினேன். சூட்டையும் ஈரத்தையும் பார்க்க ஒரு சென்சார், கெட்ட காற்றைப் பார்க்க இன்னொன்று. சூடு ஏறினால் கூலர் ஓடும். ஈரம் குறைந்தால் தொட்டித் தண்ணீரை மோட்டார் இழுத்துப் பனி போலத் தூவும். காற்று கெட்டால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் சுவர் ஃபேன் ஓட வேண்டும் என்று அந்தப் போர்டில் புரோகிராம் எழுதி வைத்தேன். மூச்சு முட்டினால் ஆள் காலி, சூடெல்லாம் பிறகுதான் என்பது சிங்கப்பூர்ப் பழக்கம். எல்லாவற்றையும் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் அடக்கிச் சுவரில் மாட்டினேன்.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஐஸ்கிரீம் டப்பாவுக்குள்ள இம்புட்டு வயரா? ஷாக் கீக் அடிச்சா நான் எங்குட்டுப் போய் நிக்கிறது?"

"நீ பெட்டியைத் தொடாதே. குளிக்காம உள்ள வராதே. கை கால் கழுவாம வாசப்படி மிதிக்காதே."

"ஆத்தாடி, சாமி ரூமுக்குக்கூட இம்புட்டுச் சட்டம் கிடையாது" என்றாள்.

பெட்டி சமர்த்தாக ஓடியது. முதல் அறுப்பு வந்த அன்று அறைக்குள் வெள்ளை வெளேரென்று கொத்துக் கொத்தாகப் பூத்து நின்றதைப் பார்த்து நான் விசிலே அடித்துவிட்டேன். அவள் கொஞ்சம் மிளகு தட்டிப் போட்டு வறுத்தாள். வறுவல் சட்டியிலிருந்து தட்டுக்கு வரவே இல்லை, அடுப்படியிலேயே நின்றபடி இரண்டு பேரும் தின்று தீர்த்துவிட்டோம். மெஸ்காரரும் தினமும் எடுக்க ஆரம்பித்தார்.

ஆடி பிறந்ததும் சிங்கப்பூரிலிருந்து என் பழைய சூப்பர்வைசர் கூப்பிட்டார். "ஒரு எடம் காலியா இருக்குப்பா. ஆடி முடியிறதுக்குள்ள சொல்லு. அதுக்கு மேல என்னால பிடிச்சு வைக்க முடியாது."

மனைவியிடம் சொன்னேன். ஆடி முழுக்கக் காளான் தவறாமல் வந்தால் இங்கே இருப்பது, தவறினால் விமானம் ஏறுவது என்று கணக்கையும் சொன்னேன். அவள் "சரி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் அவள் அந்த ஒரு வார்த்தைதான் சொல்வாள்.

அந்த வாரத்திலிருந்து பிடித்தது சனி. வாரமெல்லாம் நல்ல பிள்ளையாக இருக்கிற பைகள் சனிக்கிழமை விடிந்து பார்த்தால் மொட்டெல்லாம் மஞ்சளித்துச் சுருங்கிக் கிடக்கும். ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும், அறை காய்ந்து கிடக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் காரைக்குடிக்கு ஏசி சர்வீஸ் வேலைக்குப் போய்விடுவேன். வந்த அலுப்பில் படுத்துவிடுவேன். காலையில் இந்தக் கோலம்.

சென்சாரை மாற்றினேன். ஃபேனைத் தட்டிவிடுகிற ரிலே சுவிட்சை மாற்றினேன். எழுதியதை அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். கரண்டைத் திட்டினேன், அம்மியையே தூக்கும் ஆடிக்காற்றைத் திட்டினேன், கடைசியில் அந்த ஐஸ்கிரீம் டப்பாவைப் பெற்றவளையும் சேர்த்துத் திட்டினேன்.

"கண்ணு பட்டுருச்சு" என்றாள் மனைவி. "போறவுக வாரவுகள எல்லாம் கூப்பிட்டுக் காமிச்சீகள்ல."

மெஸ்காரர் வேறு போன் போட்டார். "என்னண்ணே, சனி ஞாயிறு ஒங்க காளானுக்கும் லீவா? அடுத்த வாரமும் இப்புடின்னா நான் வேற ஆளப் பாத்துக்கிறேன், கோவிச்சுக்காதீக."

ஆடிக் கடைசி வெள்ளி. காரைக்குடிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, கொல்லைப்புறமாக வந்து காளான் அறைக்குள் புகுந்துகொண்டேன். தொங்கும் பைகளுக்குப் பின்னால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, திருட்டுச் சென்சாரைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று காத்திருந்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியது. கொசுதான் என்னைப் பிடுங்கித் தின்றது.

விளக்கு வைக்கிற நேரம். கதவு திறந்தது. முதலில் புகை வந்தது, பிறகு தூபக்கால் வந்தது, அதற்குப் பின்னால் ஈரத் தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு என் மனைவி வந்தாள். குழந்தைக்குக் காட்டுவதுபோல் ஒவ்வொரு பைக்கும் சாம்பிராணி காட்டினாள். ஏதோ முணுமுணுத்தாள். சுவரில் டக்கென்று ஒரு சத்தம், ஃபேன் ஓட ஆரம்பித்தது.

"அடிப்பாவி!" என்று எழுந்தேன்.

"ஆத்தாடி!" என்று அலறிவிட்டாள். தூபக்கால் கை தவறவில்லை, புண்ணியம். "இங்க என்ன செய்றீக? காரைக்குடிக்குப் போகலையா?"

"நீ என்ன செய்றே?"

"வெள்ளிக்கெழம, சாம்பிராணி காட்டுறேன். குளிச்சிட்டுத்தான் வந்தேன். கை கால் கழுவிட்டுத்தான் வந்தேன். ஒங்க டப்பாவ நான் தொடக்கூட இல்ல."

"எத்தனை நாளா நடக்குது இது?"

"அந்தச் சிங்கப்பூர்ப் போன் வந்ததுலேருந்து. மொதல்ல சும்மா காட்டிட்டுப் போனேன். காளான் வாடவும் கண்ணுதான் பட்டுருச்சுன்னு, இன்னுங் கொஞ்சம் சாம்பிராணி அள்ளிப் போட்டு, தூபக்கால இந்த மூலையிலயே வச்சுக் கதவச் சாத்திட்டுப் போனேன். காலையில நீங்க எந்திரிக்க முன்னாடி எடுத்துக்கிருவேன்."

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வாளியில் மறுபடி உட்கார்ந்து விளக்கினேன். புகையைப் பார்த்தால் பெட்டி கெட்ட காற்று என்று நினைக்கிறது, ஃபேனை ஓட்டி ஈரத்தையெல்லாம் வெளியே தள்ளுகிறது, ஆடிக்காற்று உள்ளே வந்து மொட்டைக் கருக்குகிறது. காளான் வாடுவதைப் பார்த்து நீ இன்னும் புகை போடுகிறாய், பெட்டி இன்னும் ஓட்டுகிறது. "பாவம், அந்த டப்பாவை நான் எம்புட்டுத் திட்டிருக்கேன் தெரியுமா?"

அவள் சிரிக்கவில்லை. "எனக்கு என்ன தெரியும்? நீங்க திரும்பப் போயிறக் கூடாதுன்னுதான் காட்டினேன்."

எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. ஒவ்வொரு தடவையும் ஊறுகாய் கட்டிக் கொடுத்து, பொடி இடித்துக் கொடுத்து, திருச்சி ஏர்போர்ட் வரைக்கும் வந்து கையாட்டி அனுப்பியவள் இவள்.

"இத்தன வருசத்துல ஒரு தடவையாவது போகாதீகன்னு சொல்லியிருக்கியா?"

"நீங்க ஒரு தடவையாவது போகவான்னு கேட்டிருக்கீகளா?"

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவள் சொன்னது நிஜம். போகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

"இப்பக் கேக்குறேன். போகவா, இருக்கவா?"

"இருங்க" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மொதல்ல அந்த ஃபேன நிப்பாட்டுங்க. போட்ட சாம்பிராணி பூராம் தெருவுக்குப் போகுது" என்றாள்.

நிறுத்தினேன். வாளியில் உட்கார்ந்தபடியே சிங்கப்பூருக்குப் போன் போட்டேன். நான் வரவில்லை என்று சொல்லி முடிக்கிற வரைக்கும் அவள் அந்தத் தூபக்காலைக் கீழே வைக்கவே இல்லை.