அடுத்த புதன் எந்தப் புதன்?

போன திங்கட்கிழமை, இரண்டாவது பீரியட். பி.காம் கடைசி வருடத்துக்கு பிஸினஸ் கம்யூனிகேஷன் நடத்திக்கொண்டிருந்தேன். போர்டில் இந்தப் பக்கம் சொல்பவர், அந்தப் பக்கம் கேட்பவர், நடுவில் செய்தி. கேட்பவரிடமிருந்து திரும்பி வரும் அம்புக்குறிக்குப் பக்கத்தில் 'ஃபீட்பேக்' என்று பெரிதாக எழுதினேன். இது வராதவரை செய்தி போய்ச் சேர்ந்ததாகவே நினைக்காதீர்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தபோது...

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. கட் செய்தேன். மறுபடியும் வந்தது. மறுபடியும் கட். மூன்றாவது முறை எரிச்சலோடு வராந்தாவுக்கு வந்து எடுத்தேன்.

பேசியது நூர்ஜஹான். தர்மபுரியில் நோயாளிகளுக்கான கட்டில், சக்கர நாற்காலி போன்றவற்றை வாடகைக்குக் கொடுக்கும் கடை வைத்திருப்பவர். அதுவரை அவரை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை.

என் மனைவி செல்வி அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாள். காரிமங்கலத்தில் எங்கள் தெருமுனையிலேயே ஸ்கூட்டர் சறுக்கி விழுந்ததில் தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, டிஸ்சார்ஜ் தேதியையும் முந்தின வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டார்கள். "வீட்ல எல்லாம் ரெடி பண்ணிக்குங்க" என்றார் நர்ஸ். சரி என்று தலையாட்டினேன். எல்லாம் என்றால் என்னென்ன? கேட்கவில்லை. பதினெட்டு வருடமாகக் கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுக்கிற வாத்தியார், கேட்கவில்லை.

அன்றைக்கே நூர்ஜஹானின் கடைக்கு வாட்ஸ்அப்பில் தகவல் அனுப்பினேன். மனைவிக்குத் தொடை எலும்பு ஆபரேஷன், அடுத்த புதன் டிஸ்சார்ஜ், கட்டில் ஒன்று தேவை, காரிமங்கலம். சுருக்கம், தெளிவு — பாடத்தில் இருக்கிற இரண்டு இலக்கணமும் இருந்தன. கடையிலிருந்து ஓகே என்று பதில் வந்தது. வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

இப்போது நூர்ஜஹான் நிதானமாகக் கேட்டார். நான் எழுதிய அடுத்த புதன், நாளான்னைக்கு வருகிற புதனா, அதற்கும் அடுத்த வாரத்துப் புதனா?

வருகிற புதன்தான், அதில் என்ன சந்தேகம் என்றேன். குரலில் கொஞ்சம் காரம் இருந்திருக்கும்.

"கோவிச்சுக்காதீங்க சார். நீங்க எழுதுனது எனக்குப் புரிஞ்சுதுங்க. ஆனா எனக்குப் புரிஞ்சதைத்தான் நீங்க எழுதுனீங்களான்னு தெரியல. அதான் கூப்பிட்டேன்."



கடை நோட்டில் அதற்கடுத்த வாரம் என்று குறித்து வைத்திருந்தார்களாம். தலைப்பக்கம் தூக்கி நிறுத்துகிற கட்டில் ஒன்றே ஒன்றுதான் கையில் இருந்தது. அதைக் கேட்டு பென்னாகரத்திலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். கொடுத்து அனுப்புவதற்கு முன்னால் எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றுதான் இவர் மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார். நான் இரண்டு முறை கட் செய்திருக்கிறேன். அதுவும் எந்தப் பாடம் நடத்தும்போது? சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

பென்னாகரத்துக்காரருக்கு அந்த வாரக் கடைசியில்தான் தேவை. அதற்குள் வேறொரு கட்டில் திரும்பி வந்துவிடும், அவரிடம் பேசிக்கொள்கிறேன் என்றார் நூர்ஜஹான். நன்றி சொல்லி போனை வைக்கப் போனேன். அவர் விடவில்லை.

அக்காவால் காலை மடக்க முடியுமா? உட்கார்ந்தால் பாதம் தரையில் படணும், அக்கா என்ன உயரம்? கதவு எத்தனை அடி அகலம்? கடைசியாக, "உங்க வூட்டு பாத்ரூம்ல எந்த மாதிரி டாய்லெட்டுங்க?"

எங்கள் வீட்டில் இருப்பது குத்தவைத்து உட்காருகிற பழைய மாடல். தொடையில் கம்பி வைத்தவள் அதில் எப்படி உட்காருவாள்? அந்த நிமிடம்வரை நான் யோசிக்கவே இல்லை. பழைய மாடல்தான் என்று நான் சொன்னதும், கமோட் நாற்காலி ஒன்றையும் சேர்த்து அனுப்புவதாக அவரே சொன்னார்.

வகுப்புக்குத் திரும்பி, நடந்ததை அப்படியே பிள்ளைகளிடம் சொன்னேன். சிரித்தார்கள். அந்த வாரம் வேறு தியரி எதுவும் நடத்தவில்லை.

புதன்கிழமை மதியம் செல்வி வீட்டுக்கு வந்தாள். கட்டிலின் ஓரத்தில் மெதுவாக உட்கார வைத்தோம். இரண்டு பாதமும் தரையில் படிந்தன. பன்னிரண்டு நாளைக்குப் பிறகு அவள் முகத்திலிருந்து பயம் இறங்கியதைப் பார்த்தேன். "இதெல்லாம் உங்களுக்கு எப்படிங்க தோணுச்சு?" என்று கேட்டாள். எனக்குத் தோணவில்லை என்று உண்மையைச் சொன்னேன். நூர்ஜஹானைப் பற்றிச் சொன்னதும் கண் கலங்கிவிட்டாள். நானும்தான்.

அடுத்த நாள் காலை அவருக்கு நீளமாக ஒரு நன்றிக் கடிதம் தட்டினேன். மூன்று பத்தி, பிழையில்லாத தமிழ். அனுப்பி ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. இந்த முறை முதல் ரிங்கிலேயே எடுத்தேன்.

"நன்றியெல்லாம் இருக்கட்டுங்க சார். அக்கா நல்லா தூங்குனாங்களா? அதை எழுதலையே நீங்க."

போனைச் செல்வியிடம் கொடுத்தேன்.

இருவரும் இருபது நிமிடம் பேசினார்கள். பிஸினஸ் அதில் துளியும் இல்லை — கம்யூனிகேஷன் மட்டும்தான்.