எலுமிச்சம்பழத்துக்குள் ஒரு பெயர்

எங்கள் பக்கம் மேஜிக் காட்ட வாய்ப்புத் தேடுகிறவர்கள் கல்யாண மண்டபத்துக்குப் போய்ப் பயனில்லை. சவுண்ட் செட் கடைக்குத்தான் போக வேண்டும். காதுகுத்தோ மஞ்சள் நீராட்டோ, நாள் குறித்ததும் ஸ்பீக்கருக்குத்தான் சொல்லி வைப்பார்கள். எந்த ஊரில் என்ன விசேஷம் என்பது அந்தக் கடைக்காரருக்குத் தெரிந்துவிடும். சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு இந்த வித்தையைக் கற்றுக்கொண்டு வந்த என் மகள் இதைத் தானே கண்டுபிடித்தாள். தனியாக அனுப்பப் பயந்து, அப்பாவான நானும் கூடவே அலைந்தேன்.

கள்ளக்குறிச்சிக் கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொம்பளப் புள்ள மேஜிக்கா? புறா கீறா வச்சிருக்கியாம்மா?"

"இல்லண்ணா."

"அப்ப இன்னாதான் இருக்குது?"

"கை இருக்குதுண்ணா."

அவர் சிரித்துவிட்டார். பல வாரம் கழித்துக் கச்சிராயபாளையத்தில் ஒரு காதுகுத்துக்குச் சொல்லியனுப்பினார். கரும்பு விவசாயம் செய்யும் குடும்பம். அவளுக்கு அது முதல் கூலி வேலை. இது நன்றாக அமைந்தால் நாலு பேர் கூப்பிடுவார்கள், இல்லையென்றால் மறுபடி சென்னைக்கே போய்விடுகிறேன் என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

கயிறு, துணி, நாணயம் எல்லாம் நன்றாகவே போயின. கடைசியில் தாய்மாமனைக் கூப்பிட்டு, ஒரு துண்டுத்தாளில் குழந்தையின் பெயரை எழுதச் சொன்னாள். வீட்டாருக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று அவளாகச் சேர்த்துக்கொண்டது அது. தாளைச் சுருட்டினாள், மறைத்தாள். பிறகு ஒரு எலுமிச்சம்பழத்தைக் குழந்தையின் முன்னால் வைத்து அறுத்தாள். உள்ளே இருந்து அதே தாள், அதே பெயர்.

முன்வரிசைப் பிள்ளைகள் கைதட்டினார்கள். பெரியவர்கள் யாரும் தட்டவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெயர் எழுதிச் சுருட்டியது, பழத்துக்குள் வைத்தது, ஆள் முன்னால் அறுத்தது. செய்வினை என்று இந்த ஊர்களில் எதைச் சொல்வார்களோ அது அப்படியே இருந்தது. அத்தனை நாள் எங்கள் சமையலறையில் அவள் பழகியதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

குழந்தையின் அம்மா பிள்ளையை வாரிக்கொண்டு கத்தினாள். "எம் புள்ள பேர எழுதி பழம் அறுக்குறாடி! யாரு அனுப்பி வந்த நீ? சொல்லு!"

அந்த வீட்டு அண்ணன் தம்பிக்குள் நிலத் தகராறு இருந்திருக்கிறது. எல்லாருடைய கண்ணும் தம்பி மனைவியான சின்ன மருமகள் பக்கம் திரும்பியது. அவள், "என்னிய இன்னாத்துக்குப் பாக்குறீங்க? நானா இட்டாந்தேன்?" என்று அழ ஆரம்பித்தாள். யாரோ ஒருவன் என் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். பெட்டியைத் தரையில் கவிழ்த்தார்கள். நான் உள்ளே புகுந்து, "என் பொண்ணுங்க, படிச்ச பொண்ணுங்க" என்றேன்.

மகள் கையை விடுவித்துக்கொண்டு, சிதறிக் கிடந்ததில் இன்னொரு பழத்தை எடுத்தாள். காம்பைப் பெயர்த்து, துளையைக் காட்டி, தாள் உள்ளே போகும் விதத்தை எல்லாரும் பார்க்கும்படி செய்து காட்டினாள். அந்தத் தொழிலில் அதைச் செய்யவே கூடாது என்று அவள் எனக்குச் சொல்லியிருக்கிறாள். பழம் இரண்டு முறை கை நழுவிக் கீழே விழுந்தது.

"வுடுங்கப்பா, வெளாட்டுதான்" என்றார் குழந்தையின் அப்பா. பிறகு எங்களை இலை போட்டு உட்காரவைத்தார்கள். விசேஷ வீட்டிலிருந்து பசியோடு அனுப்பக்கூடாதாம்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது, விசேஷ வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண் ஈரக்கையோடு பின்னாலேயே வந்தாள்.

"பாப்பா, எம் புருசன் ஒரே குடி. அவன் பேருல ஒரு பழம் அறுத்துக் குடேன். கூலிய குடுத்துடறேன்."

"அக்கா, அது சும்மா. இப்பதான காட்டுனேன்?"

"பாத்தேனே. அவங்களுக்குப் பயந்துகினு அப்டி காட்டுன. எனக்குத் தெரியாதா இன்னா?"

மகள் அந்த ஈரக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் வந்தது, ஏறிவிட்டோம்.

அடுத்த வாரம் கடைக்காரர் போன் செய்தார். "சார், பாப்பாவ ஜாஸ்தி பேரு கேக்குறாங்க. மேஜிக்குக்கு இல்ல, மத்ததுக்கு."

அவள் போனை வாங்கினாள். "மேஜிக்குன்னா மட்டும் சொல்லுங்கண்ணா."

"அப்பிடின்னா கம்மியாதான் வரும்மா."

"வரட்டும்ண்ணா."

கம்மியாகத்தான் வந்தது. கல்வராயன் மலையில் ஒரு பிறந்தநாளுக்குக் கூப்பிட்டார்கள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் பெட்டியைக் கட்டிவிட்டாள். சென்னைப் பேச்சை அவள் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மலையில் சட்டைக்கையைச் சுருட்டிவிட்டு, "இது கைவேலை, மந்திரம் இல்ல" என்று சொல்லித்தான் ஆரம்பித்தாள். நான் வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். இப்போதெல்லாம் மகளின் கைகளை நான் பார்ப்பதில்லை. கூட்டத்தில் யார் கைதட்டவில்லை என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.