சம்பளத்துக்குப் பதில் ஒரு ‘ங்க’

“மாஸ்டர், பஸ்ஸு வருதுங்க! கல்லை வெரசா காய வைங்க!”

வத்தலக்குண்டு பஸ் கீழ் வளைவில் முனகும்போதே திருமலைச்சாமி கல்லாவை விட்டு எழுந்து, சமையல்கட்டின் சாக்குப் படுதாவைப் பார்த்து இப்படிக் குரல் கொடுப்பார். கொடைக்கானல் ஏறும் வழியில், பெருமாள்மலையில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற பஸ் நிற்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில் விற்கிற தோசைதான் அவருடைய காபி கிளப்புக்குப் பிழைப்பு. படுதாவுக்குப் பின்னால் கல்லைக் காய வைக்கும் மாஸ்டர் பொன்னுவேல், முதலாளியைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் ‘ங்க’ போட்டுத்தான் பேச வேண்டும். அது சம்பளத்தில் சேர்ந்தது.

திருமலைச்சாமி கருமி இல்லை; கையில் காசு இல்லாதவர், அவ்வளவுதான். கோடை சீசனில் வருவதை ஐப்பசி மழை தின்றுவிடும். சாலையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனால் அவரே பழைய சோற்றைப் பிழிந்து சாப்பிடுவார். இந்த லட்சணத்தில் ஆட்களுக்கு ஆண்டுதோறும் சம்பளம் கூட்ட எங்கே போவது? யோசித்து யோசித்துக் கடைசியில் மரியாதையைக் கூட்ட ஆரம்பித்தார். வேலைக்குச் சேரும்போது “ஏலே, வா”. முதல் தீபாவளிக்கு “வாப்பா”. அதற்கும் மேலே நிலைத்து நின்றால் “வாங்க”. அந்த உயர்வைக் கடை நிறைய ஆள் இருக்கும்போது, முழங்கித்தான் கொடுப்பார்.

மாவாட்டும் பிச்சையம்மாள் முதலில் இதை மதிக்கவில்லை. “இந்த ‘ங்க’வக் கொண்டுபோய்க் கடையில குடுத்தா வத்த மொளகா தருவானா?” என்று நேராகவே கேட்டாள். ஆனால் ஒருநாள் உளுந்துச் சட்டியை அவள் போட்டு உடைத்தபோது, முதலாளி வாய் தவறி, “என்னா பண்ணித் தொலைச்சே?” என்றுவிட்டார். அவள் குழவியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். “‘ங்க’ எங்கன போச்சு? அது வந்தாத்தான் மாவு.” அன்று காலை பஸ்ஸில் வந்தவர்கள் பன்னைத் தின்றுவிட்டு மலையேறினார்கள்.

இதில் திருமலைச்சாமிக்கு ஒரே சங்கடம், திட்டுவதுதான். மரியாதையோடு திட்டினால் உறைக்க மாட்டேன் என்கிறது. “உங்களுக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்குதுங்களா மாஸ்டர்?” என்று அவர் கத்தும்போது, ஏதோ நலம் விசாரிக்கிறார் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். லாபமும் உண்டு. பொன்னுவேலைப் பார்க்கப் பழனியிலிருந்து பெண் வீட்டார் வந்தபோது, முதலாளியே எழுந்து நின்று “வாங்க மாஸ்டர், உக்காருங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். பெண்ணின் அப்பா அங்கேயே வெற்றிலை பாக்கை எடுத்து நீட்டிவிட்டார்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன சீசனில் கொடைக்கானலிலிருந்து குருநாதன் என்றொரு ஓட்டல் மேனேஜர், கோட்டும் மப்ளருமாக வந்து கல்லாவுக்கு எதிரே உட்காரும்வரை.

“உங்க தோசை மாஸ்டரைப் பார்க்கணுமே. மொதலாளியே எந்திரிச்சு நின்னு வாங்க போங்கன்னு பேசுறாராம், டூரிஸ்ட் எல்லாம் அதே பேச்சு. அப்படின்னா கைப்பக்குவம் எப்படி இருக்கும்! ரெட்டைச் சம்பளம், தங்க ரூம், ரெண்டு கம்பளி. இன்னிக்கே கூட்டிட்டுப் போயிடுறேன்.”

செலவில்லாமல் கொடுத்த ‘ங்க’, ஆளின் விலையை இப்படி ஏற்றிவிடும் என்று திருமலைச்சாமி கண்டாரா? பொன்னுவேல் போனால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். முதலாளி ஊற்றும் தோசை கல்லை விட்டுக் கிளம்பாது.

“அவனா?” என்று ஆரம்பித்தார். “அவன் ஒரு சோலிக்கு ஆவாத பயங்க. தோசைக்கும் அடைக்கும் வித்தியாசம் தெரியாது. என் தலையெழுத்து, வச்சுக் கட்டி அழுவுறேன்.”

சொன்ன பிறகுதான் சாக்குப் படுதா ஞாபகம் வந்தது. உள்ளே ஆட்டுக்கல் சத்தம் நின்றுவிட்டது. ஏழு வருஷ உயர்வை ஒரே மூச்சில் பிடுங்கிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது அவருக்கு. மேனேஜரோ சிரித்தார். “அப்படியா? ஒரு தோசை வரட்டும். தின்னே பார்த்துடுறேன்.”

அங்கேதான் திருமலைச்சாமிக்கு உயிர் போயிற்று. பொன்னுவேலுக்கு ரோஷம் வந்தால் தோசை பூவாக வரும், அது ஊரறிந்தது. பழனியாண்டவரை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். முதலில் வந்தது தீய்ந்த வாடை. பின்னால் இலையோடு பொன்னுவேல் வந்தார். தோசை ஒரு பக்கம் கரி. மறு பக்கம் பச்சை மாவு.

“மொதலாளி சொன்னது நெசந்தானுங்க ஐயா,” என்றார் மேனேஜரிடம், பரம பவ்வியமாக. “நமக்கு இம்புட்டுத்தான் வரும்.”

மேனேஜர் ஓரத்தில் ஒரு விள்ளல் பிய்த்து வாயில் வைத்தார். உப்பும் இல்லை. கைக்குட்டையில் துப்பிவிட்டு, வெளியே தண்ணீருக்கு நின்ற பஸ்ஸில் போய் ஏறிக்கொண்டார்.

பஸ் நகர்ந்ததும் பொன்னுவேல் தோளில் கிடந்த துண்டை உதறினார். “‘அவன் இவன்’ எல்லாம் இன்னிக்கு ஒருநாத்தான். நாளைக்கு வெள்ளனே ‘ங்க’ வந்திரணும் மொதலாளி,” என்று சொல்லிவிட்டுப் படுதாவுக்குப் பின்னால் போய்விட்டார்.

திருமலைச்சாமி கல்லாவை விட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மேனேஜர் பிய்த்த ஓரத்தை ஒதுக்கிவிட்டு, இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கரியும் மாவுமாக இருந்த தோசையைச் சட்னிகூடக் கேட்காமல் நிதானமாகத் தின்று, கடைசித் துண்டால் இலையை வழித்து வாயில் போட்டுக்கொண்டார்.