பிஸ்கட் டப்பாவில் மாத்திரை

கும்மிடிப்பூண்டியில் நாங்கள் நாலு பெண்கள் ஒரே அறையில் இருந்தோம். தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனி, ஒரே லைனில் உட்கார்ந்து வேலை. எங்கள் அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. உடம்பு சரியானவள் மிச்ச மாத்திரையை அதில் போட்டுவிட வேண்டும், அடுத்தவளுக்கு உதவுமாம். இந்தச் சட்டத்தைப் போட்டவள் திருவாலங்காட்டு அக்கா.

அந்த அக்காவுக்குத்தான் நீர்க்கடுப்பு வந்து வந்து போகும். டப்பாவிலிருந்து ரெண்டு மாத்திரை விழுங்குவாள், எரிச்சல் அடங்கும், அடுத்த மாதம் மறுபடி வந்து நிற்கும். லைனை விட்டு எழுந்தால் மாற்று ஆள் கேட்க வேண்டுமே என்று தண்ணீரும் குடிக்க மாட்டாள். கடைசியில் வெறுத்துப்போய், இந்த மாசத்தோடு வேலையை விட்டு ஊருக்கே போகிறேன் என்றாள். அவள் இல்லாத அறையில் எனக்கு என்ன வேலை?

இந்த நேரம் பார்த்து எனக்கும் நீர்க்கடுப்பு வந்தது. காய்ச்சலும் சேர்ந்துகொண்டதால் டப்பாவை நம்பாமல் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் போனேன். சிறுநீரைப் பரிசோதித்து மாத்திரை கொடுத்தார். எரிச்சல் நின்றாலும் எழுதிக் கொடுத்ததை முழுசாகப் போட வேண்டும், பாதியில் விட்டால் மிஞ்சின கிருமி திரும்பக் கிளம்பும் என்றார்.

ரெண்டு நாளில் எரிச்சல் போயே போச்சு. அக்கா டப்பாவை நீட்டினாள். நான் மாத்திரை அட்டையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

"இன்னாடி, ஒரு மாத்திரைக்கு இவ்ளோ கஞ்சத்தனமா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. டாக்டரம்மா சொன்னதையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். அக்கா டப்பாவைத் திறந்து உள்ளே கிடந்த மாத்திரைகளைக் கிளறினாள்.

"அப்போ எனக்கு வந்துக்கினே கீறது இதாலதானா?"

அதை டாக்டரம்மாவிடமே கேள் என்றேன். கல்யாணமாகாதவள் இதற்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று இழுத்தாள். எரிகிறது உனக்கா, அந்த நாலு பேருக்கா என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். பரிசோதனை முடிந்து அவளுக்கு வேறு மாத்திரை வந்தது. நிறையத் தண்ணீர் குடி, வந்தால் அடக்காதே என்றும் உத்தரவு. கடைசி மாத்திரையைப் போட்ட அன்று காலி அட்டையை என் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினாள். டப்பாவைக் கழுவி முறுக்கு போட்டு வைத்தோம்.

இப்போது தினமும் காலையில் பாத்ரூமைப் பிடித்துக்கொள்வது அக்காதான். கம்பெனி பஸ் ஆரன் அடிக்கிறது, நான் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறேன்.

"அடக்கக் கூடாதுன்னு உன் டாக்டரம்மாதான சொன்னாங்க?" என்கிறாள் உள்ளேயிருந்து.

வாய் வலிக்கத் திட்டுகிறேன். ஊருக்குப் போகிற பேச்சை மட்டும் அவள் அப்புறம் எடுக்கவே இல்லை.