மண் பூசிய கிழங்கு

காத்தமுத்துவைப் பற்றிப் பண்டாரவளைச் சந்தையில் யாரிடமாவது கேட்டுப்பாருங்கள். "யாரு, அந்த மண்ணு வித்த ஆளா?" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிரிக்கிறவன் வாயில் அந்த மண்ணையே அள்ளிப் போடலாமா என்றிருக்கும்.

நான் ஜுனைதீன். சந்தைக்கு எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறேன். அண்ணன் முறையில் என்னை "நானா" என்று கூப்பிடும் காத்தமுத்து என் கடைக்கு வராத நாள் குறைவு. ஆகவே அவர் கதையைச் சொல்ல என்னைவிட்டால் ஆளில்லை.

தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டி முதுகு வளைந்த மனிதர் அவர். வேலையிலிருந்து நின்றபோது சேமலாபக் காசு கைக்கு வந்தது. மற்றவர்கள் அந்தக் காசில் டிவி வாங்கினார்கள், மகளைக் கட்டிக்கொடுத்தார்கள், சிலர் குடித்தே தீர்த்தார்கள். இவர் காணி வாங்கினார். மொனராகலைக்குக் குடிபோன ஒரு சிங்களக் குடும்பம் விட்டுப்போன சரிவு நிலம் அது. கல்லும் மானாப்புல்லும் தவிர அதில் ஒன்றும் இல்லை.

"என்ன அண்ணே, இந்தக் கல்லுல என்ன முளைக்கும்?" என்று கேட்டேன்.

"முளைக்க வைக்கணும் நானா. எங்க பாட்டன் பூட்டன் எல்லாம் தொரைமாரு மண்ணுலயே பொறந்து அங்கயே பொதைஞ்சும் போனாங்க. எனக்குன்னு ஒரு துண்டு கெடைச்சிருக்கு. வுட்டுருவேனா?"

விடவில்லை. கல்லைப் பொறுக்கி வரப்புக் கட்டினார். மனைவி சரஸ்வதி கொழுந்து பறித்துவிட்டு வந்து மாலையில் சாணிக் கூடை சுமந்தாள். இலைதழை, அடுப்புச் சாம்பல், மாட்டுக் கொட்டில் குப்பை என்று எதையும் விட்டுவைக்கவில்லை. சில வருஷத்தில் அந்தச் சரிவில் கருஞ்சிவப்பாக மண் ஏறியது. கையில் அள்ளினால் புட்டு மாதிரி உதிரும். அதில் உருளைக்கிழங்கு போட்டார்.

அப்போது வெளிநாட்டுக் கிழங்குக்குத் தடை இருந்த காலம். எங்கள் ஊவா மாகாணத்துக் கிழங்கு என்றால் கொழும்பில் ஒரு மரியாதை. எங்கள் பாதையில் கார்கள் நிற்கும். இறங்குகிறவர்கள் கிழங்கில் செம்மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குவார்கள். அந்த நாட்களில் காத்தமுத்து என் கடைக்கு வெள்ளைச் சட்டை போட்டு வருவார். பெஞ்சில் உட்கார்ந்து எல்லாருக்கும் கேட்கிறமாதிரி, "நம்ம காணியில" என்று பேச்சை ஆரம்பிப்பார். எனக்குச் சிரிப்பு வரும். ஆனாலும் அந்த மனிதர் அப்படிச் சொல்வதைக் கேட்க ஆசையாகவும் இருக்கும்.

தொண்ணூற்றாறில் தடையை எடுத்தார்கள். இந்தியக் கிழங்கு லொறி லொறியாக வந்து இறங்கியது. வெள்ளையாய், சுத்தமாய், குளித்துவிட்டு வந்த பிள்ளைகள் மாதிரி இருந்தது. விலையோ பாதிக்கும் கீழே.

விவசாயிகளுக்கான கமநல சேவை நிலையத்தில் கிளார்க்காக இருந்த கனகசுந்தரம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என் கடையில் நியாயம் பேசுவார்.

"உலகம் முழுக்கச் சந்தை திறந்து கிடக்குது காத்தமுத்து. எங்கட சனம் மலிவாச் சாப்பிட வேண்டாமே? நீங்களும் போட்டி போடப் பழக வேணும்."

"சாப்பிடட்டும் ஐயா, நான் வேணாங்கல. ஆனா அவங்க நாட்டுல ஒரத்துக்கும் தண்ணிக்கும் அரசாங்கம் குடுக்குதாம். நான் முதுகுல சாணி சொமக்குறேன். இதுல என்ன போட்டி?"

"சரி, கதவைப் பூட்டுவம். நாளைக்கு ரஷ்யாக்காரனும் பூட்டினால் உங்கட மனுசி பறிக்கிற தேயிலையை ஆர் வாங்கிறது?"

சரஸ்வதியின் கொழுந்துக்குக் கதவு திறந்திருக்க வேண்டும், காத்தமுத்துவின் கிழங்குக்குப் பூட்டியிருக்க வேண்டும். தோட்டத்து வரிசை வீட்டில், ஒரே லயத்துக் காம்பராவில் படுத்து எழும்பும் இரண்டு பேருக்கு இப்படியொரு தலைவிதி. ஐயா தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அரசாங்கச் சம்பளத்துக்குப் போய்விட்டார். கோபம் கோபமாக வந்தது. ஆனால் அவர் சொன்னது பொய்யும் இல்லை.

லயத்துச் சனம் இந்தியக் கிழங்கை ஆசையாக வாங்கியது. குழம்பில் கிழங்கைக் கண்டு எத்தனை காலம் அதுகளுக்கு! சரஸ்வதியே ஒருநாள் வாங்கிக்கொண்டு போய்ச் சமைத்துவிட்டாள். காத்தமுத்து சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பியிருக்கிறார்.

"ஒங்க கெழங்கத் தின்னா விக்கிறதுக்கு என்ன இருக்கும்?" என்று அவள் கேட்டாளாம். அதையும் அவரே வந்து என்னிடம் சொல்லி, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் அரசாங்கத்தின் கூத்து ஆரம்பித்தது. இறக்குமதிக் கிழங்குக்கு வரியை ஏற்றுகிறோம் என்று ரேடியோ சொல்லும். இவர் ஓடிப்போய்க் காணி முழுக்க நடுவார். கிழங்கு முற்றி வரும் நேரம் பண்டிகை வரும், பட்டணத்துச் சனம் விலை தாங்கவில்லை என்று கத்தும், வரியை இறக்குவார்கள். கப்பல் வந்து சேரும். ஒரு போகம் இவர் கிழங்கைத் தோண்டாமலே விட்டார். தோண்டுகிற கூலிக்குக்கூடக் கட்டாது. மண்ணுக்குள்ளேயே அழுகி, அந்தப் பக்கம் போக முடியாத நாற்றம்.

சந்தையில் பெரிய கிழங்குக் கடை மதுசூதனனுடையது. அப்பா காலத்திலிருந்து நடக்கிற கடை. இருக்கிற நாலு மூட்டையையாவது கொடுப்போம் என்று காத்தமுத்து அவனிடம் போனார்.

"கெழங்கு வேணாங்க. இந்தியாக் கெழங்கே குடோன் நெறைய கெடக்கு" என்றான் அவன். மூட்டைக்குள் கையைவிட்டு உதிர்ந்து கிடந்த மண்ணை அள்ளிப் பார்த்தான். "இந்த மண்ணு இருக்கா? காரு நிறுத்துறவங்க மண்ணத்தானே பாக்குறாங்க. லோடு கணக்கா எடுத்துக்கிறேன்."

காத்தமுத்து நேரே என் கடைக்கு வந்தார்.

"செருப்பால அடிச்ச மாதிரி இருக்கு நானா. மண்ணக் கேக்குறான். பெத்த புள்ளையக் கேப்பானா?"

"அவன் கொள்ளையில போக! நீங்க தேத்தண்ணியக் குடிங்க" என்றேன்.

கொடுக்கமாட்டேன் என்றுதான் இருந்தார். அடுத்த மழையில் சரஸ்வதி கொழுந்து மலையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு போய்விட்டது. பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தாள், ஆனால் மறுபடி மலையேற முடியவில்லை. வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஒரே சம்பளமும் நின்றது. தைப்பொங்கல் கழிந்த ஒரு காலையில் மதுசூதனனின் லொறி அந்தச் சரிவுக்குப் போனது.

"மேலாக்க ஒரு சாண் மட்டுந்தான் நானா. சாணி போட்டா மறுபடி ஏறிரும்" என்றார். சாணி சுமக்க யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஒரு சாண் முழமானது. வருஷம் நாலைந்து ஓடியது. கடைசியில் அவரே மதுசூதனனின் பின்கொட்டகையில் கூலிக்குப் போனார். இந்தியக் கிழங்கைச் சாக்கில் கொட்டி, ஈரம் தெளித்து, சலித்த மண்ணைத் தூவிப் புரட்டுகிற வேலை. ஈரம் கூடினால் சேறாகும், குறைந்தால் உதிர்ந்துவிடும். அவர் கைக்கு அது சரியாக வந்தது.

ஒருநாள் கொழும்புக் கார் ஒன்று நின்றது. இறங்கிய அம்மா ஒரு கிழங்கை எடுத்து முகர்ந்து, இதுதான் நம் நாட்டு விவசாயியின் கிழங்கு, கூடக் கொடுத்தாலும் அவனுக்குத்தானே போகிறது என்று சிங்களத்தில் மகளுக்குப் பாடம் சொன்னார். மூட்டையைத் தூக்கி டிக்கியில் வைத்தவர் காத்தமுத்து. அந்த அம்மாவின் முகத்தில் அப்படியொரு திருப்தி. நல்ல மனசுதான், குறை சொல்ல முடியாது.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ, சரியாக நினைவில்லை. காலைச் செய்தியில் இறக்குமதிக் கிழங்குக்குப் பெரிய வரி என்று சொன்னார்கள். இந்தமுறை இறக்கவில்லை. மாதங்கள் போயும் அப்படியே நின்றது. மலை முழுக்க ஆட்கள் கிழங்கு நடத் தொடங்கினார்கள். கனகசுந்தரம் ஐயாவே கடைக்கு ஓடிவந்து, "காத்தமுத்து, நீங்கள் கேட்டது நடந்திட்டுது. இனியாவது நடுங்கோ" என்றார். அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம்.

காத்தமுத்து மம்பட்டியை எடுத்துக்கொண்டு காணிக்குப் போனார். மத்தியானமே திரும்பிவந்தார். மம்பட்டியின் வாய் மடங்கியிருந்தது.

"கல்லுதான் இருக்கு நானா" என்றார். பிறகு, "மதுசூதனன் தம்பிகிட்ட வாங்கிப் பாப்போமா?" என்றார்.

எதை வாங்க என்று எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் கடையை அப்படியே போட்டுவிட்டு அவரோடு போனேன்.

மதுசூதனன் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். "மண்ணா? அது கெழங்கோட ஒட்டிக்கிட்டுக் கொழும்புக்குப் போயிருச்சுங்களே. அங்க கழுவி ஊத்தியிருப்பாங்க" என்றான். கிண்டலாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னான். "இனிமே இந்தியாக் கெழங்கும் வராது. நாளையிலருந்து வேலைக்கு வர வேணாங்க."

"சரிங்க தம்பி" என்றார் காத்தமுத்து. பின்கொட்டகைக்குப் போய் விளக்குமாற்றை எடுத்தார். மூலைமுடுக்கெல்லாம் பெருக்கி, சுவரோரம் படிந்திருந்ததைச் சுரண்டி, ஒரு சாக்கில் அள்ளினார். கால் சாக்குக்கும் வரவில்லை. நான் வாசலில் நின்று அழுதேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை.

தெமோதரை பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டர் சாக்கைப் பார்த்துவிட்டு, "கெழங்கா?" என்று கேட்டான்.

"இல்லீங்க, என் காணி" என்றார்.